கலப்பைக்காரனுக்கு ஒரு கடிதம்

திருச்சி,
கார்த்திகை 12

அன்புள்ள கலப்பைக்காரனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அவ்வாறே இருக்குமென நம்புகிறேன். வைகாசியில் நீ அனுப்பிய செங்காந்தள் கிழங்குப் பொட்டலம் கிடைத்ததா என்று இரண்டு முறை கேட்டாய்; இரண்டு முறையும் "கிடைத்தது" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றினேன். அன்று நடந்ததைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன். இப்போது கோபம் ஆறிவிட்டது, பூவும் பூத்துவிட்டது, ஆகவே எழுதுகிறேன்.

பொட்டலம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. வலது கால் பெருவிரல் வீங்கிச் செருப்புகூட நுழைக்க முடியாமல் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். யூரிக் அமிலம் கூடியிருக்கிறது, இது கவுட் எனும் மூட்டு வீக்கம் என்று சொல்லி, அரை மில்லிகிராம் கோல்கிசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிற்றோட்டம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டுமென்று இரண்டு முறை எச்சரித்தார். அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நொண்டியபடி வீடு திரும்பினால், கூடத்தில் உன் மூலனூர் முகவரியோடு வெற்று அட்டைப் பெட்டி கிடக்கிறது. உள்ளே வந்தவை எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். "அண்ணன் ஏதோ கிழங்கு அனுப்பியிருக்கிறார், கூடையில் போட்டு வைத்திருக்கிறேன்" என்றாள். கூடையில் சேப்பங்கிழங்குக்கும் சர்க்கரைவள்ளிக்கும் நடுவே, மண்ணும் தோலுமாக, உன் செங்காந்தள் கொடியின் கண்வலிக் கிழங்குகள் மூன்று, கலப்பை போல வளைந்து படுத்திருந்தன. நான்கு அனுப்புவதாக நீ சொல்லியிருந்தாய். அடுப்பில் சர்க்கரைவள்ளி வெந்துகொண்டிருந்தது.

அடுத்த அரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. வெந்த கிழங்கு முழுவதையும் கழுவுதொட்டியில் கொட்டி, சூடு பொறுக்காமல் கரண்டியால் ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை. கடைசியில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உருண்டு கிடந்த நான்காவது கிழங்கைத் துடைப்பத்தால் இழுத்தெடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கால் வலியே நினைவுக்கு வந்தது.

உன்மேல் எனக்குள்ள குற்றச்சாட்டு இதுதான்: வயல் வயலாக அதை விளைவித்து விதையை மருந்து வியாபாரிக்கு விற்கும் நீ, பொட்டலத்தின்மேல் 'விஷம்' என்று மூன்று எழுத்து எழுதக் கூடாதா? ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி என்று நீ சொல்வாய். உங்கள் ஊர்க் குழந்தைக்குத் தெரியும். திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? வள்ளிக்கிழங்கென்று எண்ணி இதைச் சமைத்துத் தின்றவர்கள் உண்டு. வேகவைத்தாலும் அதிலுள்ள கோல்கிசின் நஞ்சு போவதில்லை. சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்கும், பிழைத்தவர்களுக்கும் தலைமுடி கொட்டிப் போகும். தாவரவியல் படித்த நாம் இருவரும் இந்த விஷயத்தில் இவ்வளவு அசட்டையாக இருந்தது வெட்கக்கேடு. அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ 1937-இல் அதே கோல்கிசினைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கியதைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினோமே! நம் வகுப்பு நெட்டையன் கோல்கிசின் குப்பியைக் கையில் எடுத்தபோது ஆய்வகமே அலறியதும் உனக்கு மறந்திருக்காது. அதே பொருள்தான் அன்று என் சட்டைப் பையில் மாத்திரையாகவும் சமையலறைக் கூடையில் கிழங்காகவும் இருந்தது. உன் வயல் விதையிலிருந்து வடித்ததையே காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறேனோ என்னவோ.

இனிப் பூவுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு இங்குள்ள ஒரு நாற்றங்காலில் வாங்கிய கிழங்குகள் ஏன் முளைக்கவில்லை என்பது உன்னுடையவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. கலப்பை போன்ற கிழங்கின் இரண்டு கைகளின் நுனியிலும்தான் முளைக்கும் கண் இருக்கிறது. எனக்கு விற்றவர் நுனி முறிந்ததைக் கொடுத்திருக்கிறார், நானும் முழுக் கிழங்கு என்று நம்பி இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். உன் நான்கில் ஒன்றை நானே அழுகவிட்டேன்; அடியில் ஓட்டையில்லாத தொட்டியில் வைத்தது என் தவறு. மீதி மூன்றும் ஆனி மாதக் கடைசியில் மணல் கலந்த மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்தன. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். பால்கனிக் கம்பியைத் தொட்ட ஓர் இலை, மறுநாள் பார்க்கும்போது அதைச் சுற்றி இறுகியிருந்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு. நீ கிளுவையையும் விராலியையும் நட்டு அவற்றின்மேல் கொடியை ஏற்றிவிடுகிறாய். எனக்கு வாய்த்தது துணி உலர்த்தும் கொடிக்கயிறு.

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் விட்டபோது முதல் மொட்டு விரிந்தது. தலைகீழாகத் தொங்கிய பச்சை மொட்டு, விரியும்போது ஆறு இதழ்களையும் பின்னோக்கி மடக்கி மேலே தூக்கிக்கொண்டது. முதலில் மஞ்சளும் பச்சையும், பிறகு நுனியிலிருந்து இறங்கும் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஓரங்களின் நெளிவைப் பார்த்துக்கொண்டே ஒரு காபியை ஆறவிட்டேன். சூல்தண்டு மட்டும், தன் மகரந்தம் தனக்கு வேண்டாம் என்பது போல, செங்கோணத்தில் ஒதுங்கி நிற்கிறது. நீ காலை வேளையில் பூப்பூவாகப் போய் மகரந்தம் தொட்டு வைப்பதைப் பார்த்து "மாப்பிள்ளை தேடும் தரகர்" என்று கேலி செய்தேனல்லவா? பேரனின் வண்ணத் தூரிகையை எடுத்து நானும் அதையே செய்தேன். ஒரு காய் பிடித்திருக்கிறது, கட்டைவிரல் பருமன் இருக்கும். சிரித்துக்கொள்.

இப்போது என் கவலை ஒன்றே. தை மாதம் மகள் வருகிறாள்; பேரனுக்கு இரண்டு வயது, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறான். அதற்குள் கொடி காய்ந்து கிழங்கு உறக்கத்துக்குப் போய்விடும். தோண்டியெடுத்து மணலில் புதைத்து வைப்பதுதான் உங்கள் வழக்கம் என்பது தெரியும். ஆனால் தோண்டிய கிழங்கு இந்த வீட்டுக்குள் ஒரு நாளும் வரக் கூடாது. தொட்டிகளை அப்படியே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கூரைக்கடியில் ஏற்றிவிட்டு, படிக்கதவைப் பூட்டிவிடலாமென்று நினைக்கிறேன். தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும், மார்கழிப் பனி ஈரம் கிழங்கை அழுகச் செய்யுமா, காய் முற்றும்வரை கொடியை வைத்திருக்கலாமா என்பவற்றுக்கு உடனே பதில் எழுது.

இதை எழுதும்போது பக்கத்தில் நின்று படித்தவள் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள்: "அண்ணன் இனிமேல் ஏதாவது அனுப்புவதாக இருந்தால் முருங்கைக்காய் அனுப்பச் சொல்லுங்கள்."

என்றும் அன்புடன்,
உன் நொண்டி நண்பன்