செயலாளரின் ஆண்டறிக்கை: யார் பெயருக்குச் சான்றிதழ்?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற பொதுக்கூட்டம் முதல் இன்றுவரையான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. மாரி வெள்ளம் வீதிக்கு ஏறிய மாதத்தில் மட்டும் கூட முடியவில்லை. சந்தா நிலுவை வழமைபோல் இருக்கிறது. யார் யாரிடம் எவ்வளவு என்பதை நான் வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, என்னைவிடக் கணீரென்ற குரலும் அவரிடம்தான் இருக்கிறது. கணக்கறிக்கையும் அவருடையதே. எனக்குரிய நேரத்தை வர்த்தகக் கண்காட்சிக்கு, அதிலும் நாம் கொடுத்த சான்றிதழ்களுக்கும் விருதுகளுக்கும் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் ஏச்சு வாங்கியதும் அந்த விடயம்தான்.

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். முந்திய கண்காட்சியில் சான்றிதழ்களை அச்சுக்குக் கொடுத்தவன் நான். விண்ணப்பப் படிவங்களில் இருந்த கையெழுத்தைப் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு, பெயர்ப் பட்டியலைத் தயாரித்தேன். களுதாவளையிலிருந்து வெற்றிலை கொண்டுவந்த பெரியவரின் சான்றிதழில் களுவாஞ்சிகுடி என்று விழுந்துவிட்டது. இரண்டும் பக்கத்து ஊர்கள்தானே என்று சமாளிக்கப் பார்த்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கி, கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்து, என்னிடமே திருப்பித் தந்தார். “தம்பி, வெற்றிலைக்கு ஊர்ப் பெயர்தான் விலை. இதைக் கடையில் மாட்டினால் நான் வேறு ஊர் வெற்றிலை விற்கிறேன் என்று ஆகிவிடும்” என்றார். பிழை திருத்திய சான்றிதழை இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தேநீர் தந்தார். சான்றிதழை எங்கே மாட்டினார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதனால் இம்முறை அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொருவரின் பெயரும், ஊரும், பொருளும் எழுதிய தாளை அவரவரிடமே காட்டி ஒப்பம் பெற்றோம். 58 காட்சிக்கூடங்கள். இரண்டு உறுப்பினர்கள் மோட்டார் சைக்கிளில் வாகரையிலிருந்து வெல்லாவெளிவரை அலைந்தார்கள். பெட்ரோல் செலவு பற்றிக் கணக்காய்வாளர் கேட்டிருக்கிறார், இதுதான் அதற்கு விளக்கம்.

ஒப்பம் வாங்கப் போன இடத்தில்தான் நாங்கள் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. பனையோலைப் பெட்டி செய்யும் ஒரு வீட்டில், விண்ணப்பம் கணவரின் பெயரில் இருந்தது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு அவர் பெயரில் என்பதால் படிவத்தையும் அப்படியே நிரப்பியிருக்கிறார்கள். தாளை நீட்டியபோது அவர் பேனாவை வாங்கவில்லை, மனைவி பக்கம் பார்த்தார். அந்த அம்மாவின் கை நிறையச் சாயம் பிடித்த ஓலை. “நான் பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறதோடு சரி. பின்னுவது இவர்தான்” என்றார். அன்றே படிவத்தில் இன்னொரு வரி சேர்த்தோம்: பதிவு யார் பெயரில், பொருளைச் செய்பவர் யார். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டு பெயரும் சான்றிதழில் வரும். கைப்பணிப் பொருட்களில் பாதிக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் அப்படி மாறின. இத்தனை ஆண்டுகளாக யாருடைய பெயரை வாசித்துக் கைதட்டினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது வாசகம். ‘கண்காட்சியில் சிறப்பாகப் பங்குபற்றியமைக்காக’ என்ற பழைய வாசகத்தைக் கைவிட்டோம். எல்லோரும் சிறப்பாகப் பங்குபற்றினார்கள் என்றால் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் பொருள். இம்முறை ஒவ்வொரு சான்றிதழிலும் அவரவர் கொண்டுவந்த பொருளும், கூடத்தில் அவர் செய்துகாட்டவிருந்த வேலையும் ஒரு வரியில் இருந்தன. ‘பன்பாய் இழைத்தலை மக்கள் முன் நேரில் செய்துகாட்டுபவர்’ என்று ஒன்று. ‘மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் நூல் எண்ணையும் சாய வகையையும் பொதியிலேயே எழுதி விற்பவர்’ என்று இன்னொன்று. 58 வரிகள் எழுதுவது இலேசான வேலை அல்ல. எழுதியவர் நம் உபசெயலாளர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் வரிகளில் மூன்றைச் சிவப்பு மையால் வெட்டியவரும் அவரே.

பங்குபற்றல் சான்றிதழை மேடைக்கு வெளியே கொண்டுவந்தது மூன்றாவது மாற்றம். முன்பெல்லாம் கடைசி நாள் இரவு ஏழு மணிக்கு, பிரதம அதிதி வந்து, உரைகள் எல்லாம் முடிந்து, பெயர் வாசிக்கத் தொடங்கும்போது பாதிப் பேர் இருப்பதில்லை. மண்டூர்ப் பக்கத்தவர்கள் குருமண்வெளித் துறையில் வாவி கடக்கும் பாதைப் படகைப் பிடிக்கப் போய்விடுவார்கள். மற்றவர்கள் லொறிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஒலிவாங்கியில் பெயர் போகும், மேடைக்கு ஆள் வராது, சான்றிதழ் மறுபடி பைக்குள் போகும். இம்முறை இரண்டாம் நாள் காலை, கூட்டம் கூடுமுன், தலைவரும் நானும் கூடம் கூடமாகப் போய்க் கையில் கொடுத்தோம். பன்பாய் அம்மா, பாய்கள் தொங்கிய கயிற்றிலேயே தம் சான்றிதழையும் இரண்டு துணிக்கவ்வி போட்டு மாட்டிவிட்டார். ஒன்று போதாதா என்று கேட்டேன். “கச்சான் காற்று அடிக்கிற அடிக்கு ஒன்று காணாது” என்றார். அன்று முழுவதும் பாய் பார்க்க வந்தவர்கள் முதலில் அதை வாசித்து, “நீங்கள்தானா இழைக்கிறது?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார்கள். கண்காட்சி முடிந்த பின் கையில் வரும் சான்றிதழுக்கு இந்தப் பயன் கிடையாது.

மேடையில் கொடுத்தவை விருதுகள் மட்டும், அதுவும் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு. பிரதம அதிதி நேரத்துக்கு வந்தார். இதைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

விருதுகளின் எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தது பலருக்கு மனவருத்தம். முன்பு பதினாறு இருந்தன. அனுசரணை தந்தவருக்கு ஒன்று, கூடாரம் தந்தவருக்கு ஒன்று என்று வளர்ந்து போனது. நிர்வாகசபையில் இது பற்றி வாக்குவாதம் நடந்தபோது, சரித்திரம் வாசிக்கும் ஓர் உறுப்பினர் 1851 இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியை எடுத்துச் சொன்னார். இலங்கைப் பொருட்களும் போன பொருட்காட்சி அது. அங்கே கூடம் போட்ட ஏறத்தாழ 14,000 பேருக்கும் கண்காட்சியாளர் பதக்கம் என்று ஒன்று உண்டு. நடுவர்கள் தரம் கண்டவர்களுக்குப் பரிசுப் பதக்கம் வேறு. அதற்கும் மேலான சபைப் பதக்கம் 170 பேர் அளவில்தான் கிடைத்தது. எல்லாமே வெண்கலம். வந்ததற்கு நன்றி சொல்வது ஒன்று, திறமைக்கு மதிப்புக் கொடுப்பது வேறொன்று என்பதை அவர்கள் அன்றே பிரித்து வைத்திருந்தார்கள். நாம் இரண்டையும் ஒரே கேடயத்தில் போட்டுக் கலக்கிவிட்டோம் என்றார் அவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அனுசரணையாளர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பினோம். ஒருவர் மட்டும் கேடயம் எங்கே என்று கேட்டார்.

நடுவர்கள் மூவரும் வெளியூர். அடையாள அட்டை அணியாமல் முதல் நாளும் மூன்றாம் நாளும் சாதாரண ஆட்களாகச் சுற்றினார்கள். 100 புள்ளிகளில் பொருளின் தரத்துக்கு 35, பொதியிடலுக்கும் விவரச் சீட்டுக்கும் 25, வாடிக்கையாளருக்கு விளக்குவதற்கு 25, விலையைக் காட்சிப்படுத்தியதற்கு 15. விலைப்பலகைக்கு எதற்குப் புள்ளி என்று சிலர் கேட்டார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விலையைக் காட்சிப்படுத்துவது வியாபாரியின் கடமை. கடமையைச் செய்ததற்கு 15 புள்ளி அதிகம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கூடத்தின் அளவுக்கும் அலங்காரத்துக்கும் புள்ளியே இல்லை. நான்கு கூட இடத்தை எடுத்து மின்திரை வைத்திருந்த ஒரு நிறுவனம் எழுத்தில் முறைப்பாடு தந்தது. பதிலும் எழுத்தில் போனது, மதிப்பெண் தாளின் பிரதியோடு. நிர்வாகசபையினரின் கடைகள் போட்டியில் சேர்க்கப்படவில்லை. என் வீட்டு அரிசிமாவும் அதில் அடக்கம். அந்த முறைப்பாடு வாய்மொழியில், இன்னும் தொடர்கிறது.

பொதியிடல் விருதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவந்த இளைஞர் அதைப் பெற்றார். மண்சட்டி கசியும், ஒட்டிய சீட்டு அரை நாளில் உரிந்துவிடும். எல்லாத் தயிர்க்காரருக்கும் உள்ள தொல்லை. அவர் தடித்த அட்டையில் துளையிட்டு, தும்புக் கயிற்றால் சட்டியின் கழுத்தில் கட்டியிருந்தார். அட்டையில் பெயர், நிறை, உறையிட்ட திகதி. திகதி இறப்பர் முத்திரையால் குத்தியது, ஒவ்வொரு சட்டியிலும் தெளிவாக இருந்தது. செலவு சட்டிக்குச் சில ரூபாய்தான் என்றார். கண்காட்சி முடிந்த அடுத்த நாளே, பக்கத்துக் கூடம் போட்டிருந்தவரின் கடைத் தயிர்ச் சட்டிகளிலும் கயிறு ஏறிவிட்டது. விருது கொடுத்ததன் பயனை நான் கண்ணால் கண்ட இடம் அதுதான்.

விருதோடு கண்ணாடிக் கேடயம் கொடுக்கவில்லை. வேப்பம் பலகையில் செதுக்கிய பெயர்ப்பலகையும், அடுத்த கண்காட்சியில் கட்டணமில்லாத ஒரு கூடமும் கொடுத்தோம். 

ஒரு விடயத்தில் நாம் முன்னமே விழித்துக்கொள்ளவில்லை. விருது பெற்ற ஒருவர், அதன் படத்தைத் தம் போத்தல் சீட்டில் தரச்சின்னம் போல அச்சிட்டுவிட்டார். நம் விருது மூன்று நாள் கண்காட்சியில் மூன்று பேர் பார்த்துச் சொன்ன கருத்து. எஸ்எல்எஸ் முத்திரை என்பது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் பரிசோதித்துத் தரும் அனுமதி. இரண்டையும் வாங்குபவர் குழப்பிக்கொண்டால் நாளை கேள்வி நம்மிடம் வரும். அவரிடம் பேசினோம், எஞ்சிய சீட்டுகளை நிறுத்திக்கொண்டார். இனி விருதைக் குறிப்பிடுவதானால் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று எழுத்தில் மட்டும் குறிப்பிடலாம் என நிர்வாகசபை தீர்மானித்திருக்கிறது. இன்று சபையின் அங்கீகாரத்தைக் கோருகிறேன்.

சான்றிதழ்களுக்குத் தொடர் இலக்கம் இட்டுப் பதிவேடும் வைத்திருக்கிறோம். வங்கிக் கடன் விண்ணப்பத்தோடு இணைத்ததாக மூவர் சொன்னார்கள். சான்றிதழ் மட்டும் பார்த்து எந்த வங்கியும் கடன் தராது, ஆனாலும் கோப்பில் அது இருப்பது நல்லதுதான். பாசிக்குடாப் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து ஓர் இலக்கத்தைச் சொல்லி உண்மையா என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். பதிவேட்டைப் பார்த்து ஒரே நிமிடத்தில் பதில் சொல்ல முடிந்தது.

பிழையே நேரவில்லை என்று சொல்லமாட்டேன். தமிழை இத்தனை கவனமாகப் பார்த்தவர்கள் சிங்கள வரியை யாரிடமும் காட்டவில்லை. அம்பாறையிலிருந்து வந்த சிங்களக் கண்காட்சியாளர் ஒருவர் அதில் எழுத்துப் பிழையைக் கண்டு சிரித்துக்கொண்டே காட்டினார். அடுத்த முறை சிங்கள வரியை அவரே பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கூடத்தை நேரத்தோடு கட்டிக்கொண்டு போனவர்களின் சான்றிதழ்கள் நான்கு இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. அவர்களில் இருவரை இந்த மண்டபத்தில் காண்கிறேன். கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் ஒப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும். பெயரை வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள்.

செயலாளர்