கிரே கார்டு இருந்தால் ஸ்லைடருக்கு வேலை குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

படம் எப்படி வந்தாலும் எடிட்டிங்கில் ஸ்லைடரை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. கொஞ்சம் இருட்டாக வந்த படத்தை வெளிச்சமாக்கிவிடலாம். ஆனால் வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது.

கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் அழுக்காகவும், கறுப்புக் கோட்டு சாம்பல் பூத்தும் வருவது அதனால்தான். வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒளியை 1 முதல் 1.5 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டவும், கறுப்புக்கு ஏறக்குறைய அதே அளவு குறைக்கவும் வேண்டும். சரியாக வந்ததா என்பதற்குக் கேமராவின் திரையை நம்பக் கூடாது. வெயிலில் மங்கும், இருட்டில் பளிச்சிடும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. அதுவும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பு ரோஜாவை எடுக்கும்போது பொது ஹிஸ்டோகிராம் ஒழுங்காகவே தெரியும். சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். இதழ்களின் மடிப்பு மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்தால் பெரும்பாலும் மடிப்புகள் திரும்ப வந்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். கையில் கிடைத்த வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) எடுப்பவர்கள் நிறைய. தாளில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். கேமரா அந்த நீலத்தைக் குறைக்கப் போக, முகங்களில் மஞ்சள் ஏறிவிடும். வேறு நிறம் கலக்காத சாம்பல் அட்டையான கிரே கார்டையே பயன்படுத்துங்கள். படமெடுக்கும் பொருள் இருக்கும் இடத்திலேயே, அதே ஒளி விழும்படி, பளபளப்பு அடிக்காத கோணத்தில் பிடித்து, ஃபிரேம் நிறைய எடுக்க வேண்டும். விளக்கு மாறினால் மறுபடியும் எடுக்க வேண்டும், அலுப்பாக இருந்தாலும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் ஒயிட் பேலன்ஸைப் பிறகும் மாற்றலாம். சுருக்கிச் சேமிக்கும் 8 பிட் ஜேபெக்கில் மாற்றுவதற்கு அவ்வளவு இடம் கிடையாது.

தரம் குறைந்த எல்இடி விளக்குகள் பலவற்றில் அடர் சிவப்பு ஒளி மிகக் குறைவு. அங்கே தோல் நிறம் செத்து வந்தால் விளக்கைத்தான் மாற்ற வேண்டும், கார்டு உதவாது.

கணினித் திரை 6500 கெல்வின் (வெள்ளையின் சாயல்), காமா 2.2 (இடைப்பட்ட ஒளியின் அளவு) என்று அளவிடப்படாமல் இருந்தால் இத்தனை பாடும் வீண். இணையத்துக்கான படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பில் சேமியுங்கள். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால், எந்த வரம்பு என்று படத்தோடு சொல்லும் புரொஃபைலைப் படிக்காத செயலிகளில் நிறம் வெளிறித் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்