சொந்த வீட்டில் விசாவோடு

கொக்குவில்
புரட்டாதி, 2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கையில் கிடைத்த பிறகு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். போன கிழமை கிடைத்துவிட்டது. நான் திரும்பவும் இலங்கைப் பிரஜை. 1996இல் கனடாவில் கையை உயர்த்திச் சத்தியம் செய்த அன்று போன உரிமை, 29 வருடம் கழித்து வந்திருக்கிறது.

"அங்கேயே பிறந்தவனுக்கு எதற்கு விண்ணப்பம்?" என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, நாங்களாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்தால் இந்த உரிமை தானாகவே அற்றுப்போகும். யாரும் கடிதம் போட்டு அறிவிக்க மாட்டார்கள். 1987இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் இரண்டையும் வைத்திருக்க வழி பிறந்தது. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வந்த முதல் இரண்டு வருடமும் வதிவிட விசாவில்தான் இருந்தேன். அம்மா என்னைப் பெற்ற வீட்டில், நான் தவழ்ந்த விறாந்தையில் படுத்துக்கொண்டு, விசா முடியும் திகதியை நாள்காட்டியில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். சந்தையில் மரக்கறி வாங்கும்போதுகூட "எப்ப திரும்பிப் போறியள்?" என்றுதான் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். எனக்குச் சொல்ல ஒரு பதில் இல்லை.

காணி விஷயத்தில்தான் அது உறைத்தது. எங்கள் பின்வளவு தெரியும்தானே, புளியமரத்தோடு இரண்டு பரப்பு. அதில் பாதி அம்மா வழியாக எனக்கு வந்தது, மற்றப் பாதி மச்சாளுடையது. அவள் விற்கப் போவதாகச் சொன்னாள். யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமைப்படி பங்காளியிடம்தான் முதலில் கேட்க வேண்டும், கேட்டாள். காசும் இருந்தது. ஆனால் 2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. வாரிசாக வருவது வேறு, விலைக்கு வாங்குவது வேறு. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த எங்கள் வழக்கம் என்னைப் பங்காளி என்கிறது, இன்றைய சட்டம் பிறத்தியான் என்கிறது. நொத்தாரிசு அதை விளங்கப்படுத்தியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று பின்னேரமே விண்ணப்பப் படிவத்தை எடுத்தேன். மச்சாள் எனக்காகப் பொறுத்திருந்தாள், அவளுக்கு நான் கடமைப்பட்டவன்.

தகுதி பெரிய சிக்கலில்லை. 55 வயது தாண்டினால் அதுவே ஒரு தகுதி. படிப்பு, தொழில் தகுதியைக் காட்டலாம், 25 இலட்சம் ரூபா பெறுமதியான சொத்தையோ வைப்பையோ காட்டலாம். பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், வெளிநாட்டுக் குடியுரிமைச் சான்று, இருந்த நாட்டின் பொலிஸ் அறிக்கை, இவ்வளவும் வேண்டும்.

என்னை அலைக்கழித்தது என் பெயர்தான். நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் எங்கள் பெயரைப் பின்னுக்கும் எழுதிப் பழகியவர்கள். 1989இல் நான் போய் இறங்கிய இடத்தில் படிவம் நிரப்பியவர், முன்னால் இருந்ததை என் பெயர் என்றும் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயர் என்றும் பதிந்துவிட்டார். அன்று தொடக்கம் தொழிற்சாலையிலும் வங்கியிலும் டொக்டரிடமும் ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி ஊரே தென்மராட்சிக்கு நடந்தபோது ஐயாவும் நடந்தார். கொடிகாமத்தில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், அடுத்த தை மாதம் கண்ணை மூடினார். செய்தி என்னிடம் வந்து சேர மூன்று கிழமை எடுத்தது. மறுநாள் வேலைக்குப் போனேன், வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. மேற்பார்வையாளர் தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஐயாவின் பெயர். அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். இதை இவ்வளவு காலமும் உனக்குச் சொன்னதில்லை.

இப்போது இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. சமாதான நீதவான் ஓய்வுபெற்ற வாத்தியார், ஐயாவைத் தெரிந்தவர். கையெழுத்து வைக்க முன் முழுவதையும் வாய்விட்டு வாசித்தார். ஐயாவின் பெயர் வந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, "நல்ல மனுசன்" என்றார். பிறகு முத்திரை குத்தினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஓடு மாற்ற வந்த மேசன் கிளிநொச்சிக்காரர். தாய் தகப்பன் 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்கு நான் அலைவதைக் கேட்டுவிட்டுத் தன் அம்மம்மாவின் கதையைச் சொன்னார். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் கொழுந்து பறித்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்ததாம். அதற்குப் பிறகு அவ சீவித்தது நாலு வருடம். என்னிடமிருந்து உரிமையை எடுத்த அதே 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவவையும் நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். அவர்களைக் கேட்கவில்லை. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறியது இந்தப் பிரஜாவுரிமைப் பிரச்சினையில்தான் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் கதைத்திருப்போம். அப்போது எனக்கு அது அரசியல் பாடம். நான் வேறொன்றுக்காக இதை விட்டுவிட்டுப் போனவன். அந்த அம்மம்மா எங்கும் போகாமலே இழந்தவ. மேசனுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது என் அலைச்சலைப் பற்றி முறைப்பட்டதை நினைத்து வெட்கப்பட்டேன்.

சரி, உன் விஷயம். இதை எடுத்தால் உன் ஜேர்மன் குடியுரிமை போய்விடும் என்று நீ முன்பு பயந்தது நியாயம்தான். 2024 ஜூன் 27இலிருந்து அந்த நாட்டுச் சட்டம் மாறிவிட்டது, இரண்டையும் வைத்திருக்கலாம். இங்கே வாக்குப் போடலாம், அடையாள அட்டை எடுக்கலாம். ஆனால் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது, 2022இல் வந்த 21ஆவது திருத்தம் அதை மறித்திருக்கிறது. எனக்கு அதில் குறையில்லை. எல்லாவற்றையும் இங்கே இருந்து தாங்கியவர்கள் போகட்டும்.

ஆனால் விண்ணப்பிக்க முன் ஒரு வருடம் முழுக்க இங்கே இருந்து பார். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போவதை வைத்து முடிவு எடுக்காதே. சித்திரை வெயிலில் மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறகு றோட்டில் நாய்கூட நடக்காது. முப்பது பனிக்காலம் கண்ட உடம்பு, முதல் வருடம் எனக்கு இரண்டு தரம் மயக்கம் வந்தது. விடிய ஐந்து மணிக்குக் கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு, வெளிவேலையைப் பத்துக்குள் முடிக்கப் பழகிய பிறகுதான் சரி வந்தது. கார்த்திகை மழையோடு நுளம்பும் டெங்கும் வரும். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அப்புறம் வைகாசியில் சோழகக் காற்று எழும்பிப் பனைகள் சத்தம் போடத் தொடங்கினால் இரவில் நித்திரை வேறு மாதிரி வரும். அதைக் கடிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

என் மனுசி இன்னும் முழுதாக வர மனம் வைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் அங்கே. ஒன்ராறியோவில் 12 மாதத்தில் 153 நாளாவது இருந்தால்தான் மருத்துவக் காப்பு நிற்கும், அவளுக்கு முழங்கால் வைத்தியம் நடக்கிறது. மாசியில் வந்து சித்திரைக்கு முன் போகிறாள். மற்ற மாதங்களில் நான் தனிய. உன் மனுசியோடும் இதை முதலில் கதை.

உன் அக்காவைப் போய்ப் பார்த்தேன். உன் பிறப்புப் பத்திரம் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன். அதில் உன் ஐயாவின் பெயரை எந்த எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, உன் கடவுச்சீட்டில் உள்ளதையும் எனக்கு அனுப்பு. வித்தியாசம் இருந்தால் வாத்தியார் இருக்கும்போதே கடதாசி முடித்துவிடலாம், அவருக்கும் வயது எண்பது தாண்டிவிட்டது.

அன்புடன்,
உன் மச்சான்