காத்துல பறக்குற சாம்பல் தெரியுது, தண்ணில எறங்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையத்து சாம்பல் பிரச்சனைன்னு உங்க பேப்பர்ல வரும்போதெல்லாம் பறக்குற தூசி, கொடில காயுற துணி, புள்ளைங்க இருமல், இத பத்திதான் வருது. அதெல்லாம் நெஜம்தான், எங்க வீட்டு திண்ணைய காலைல கூட்டினா மத்தியானம் விரலால பேர் எழுதலாம். ஆனா நான் சொல்ல வந்தது கண்ணுக்கு தெரியாம கீழ எறங்குறத பத்தி.

நிலக்கரி எரியுறப்போ அதுல இருக்குற ஆர்சனிக், செலினியம், காட்மியம் மாதிரி விஷப்பொருள் எல்லாம் கொஞ்சம் ஆவியாகி மேல போகும், புகை ஆற ஆற திரும்ப வந்து சாம்பல் துகள் மேலயே படிஞ்சுடும், துகள் எவ்ளோ பொடியோ அவ்ளோ அதிகமா படியும். வெளிப்பக்கமே ஒட்டிக்கிட்டு இருக்குறதால தண்ணி பட்டா சுலபமா கரையுது. இந்திய நிலக்கரில 30லேர்ந்து 45 சதவீதம் வரைக்கும் சாம்பல்தான். அத தண்ணில கலக்கி குழாய்ல அனுப்பி செப்பாக்கம் மாதிரி எடத்துல குளம் குளமா தேக்குறாங்க. அடியில ஷீட் போடாத குளம்னா வருஷம் பூரா ஊறப்போட்ட மாதிரிதான ஐயா, ஊறுன தண்ணி வேற எங்க போகும், பக்கத்து கெணத்துக்கும் போருக்கும்தான்.

போன வருஷம் எங்க தெரு அடிபம்பு தண்ணிய ரெண்டு பாட்டில்ல புடிச்சு ஒரு ஆபீஸ்ல குடுத்தோம். டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு), ஹார்ட்னஸ், குளோரைடு மட்டும் பாத்துட்டு கடல் பக்கம்னா உப்பு இருக்கத்தான் செய்யும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆர்சனிக் பாத்தீங்களான்னு கேட்டா அது இந்த டெஸ்ட்ல வராதாம். குடிக்கிற தண்ணில லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல அது இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்த அளவு நாக்குக்கு தெரியவா போகுது?

கொசஸ்தலை ஆத்துல குழாய் ஒடைஞ்சு சாம்பல் தண்ணி கலந்தது எத்தனையோ தடவை. எறங்கி நின்னு பாருங்க, கால்ல சேறு படாது, மேல மாவு மாதிரி வழுவழுன்னு இருக்கும், கீழ சிமெண்ட் தரை மாதிரி இறுகி கெடக்கும். பறிக்கூடைய பல்லுல கவ்விக்கிட்டு கையால துழாவி எறா புடிக்கிற இருளர் பொம்பளைங்க நாள் முழுக்க அந்த தண்ணிலதான் நிக்கிறாங்க.

2021 டிசம்பர்ல மத்திய அரசு போட்ட விதிப்படி பழசா குவிஞ்சு கெடக்குற சாம்பல பத்து வருஷத்துல எடுத்து பயன்படுத்திடணும், ஆனா குளத்த கெட்டிப்படுத்தி மேல மரம் வச்சு பசுமையாக்கிட்டா எடுக்க வேணாம்னு அதுலயே ஒரு விலக்கும் இருக்கு. மேல மரம் வச்சா அடியில எறங்குறது எப்படி ஐயா நிக்கும்? எனக்கு இதுதான் ரொம்ப பயமா இருக்கு.

நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. சாம்பல் குளத்த சுத்தி இருக்குற கெணறு, போர் எல்லாத்துலயும் ஆர்சனிக், செலினியம், போரான், குரோமியம், ஈயம், காட்மியம் பாக்கணும். ஒரு தடவை பாத்துட்டு விட்டா பத்தாது, தண்ணில புளிப்பு ஏறுனா ஈயம் காட்மியம் கரையும், காரம் ஏறுனா ஆர்சனிக் செலினியம் கரையும், அதனால மழைக்கு முன்ன ஒண்ணு, மழை விட்டு ஒண்ணு எடுக்கணும். ரிசல்ட்ட தமிழ்ல ஊராட்சி ஆபீஸ் செவுத்துல ஒட்டணும்.

எந்த நாள் வந்தாலும் சரி, நானே பம்பு அடிச்சு பாட்டில நெரப்பி தரேன்.

இப்படிக்கு,
எண்ணூர் வாசகர் ஒருவர்