கீழ்வீட்டு எக்நாக்

மில்வாக்கி, அமெரிக்கா,
டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று பேசும்போது சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விட்டது. நான் அனுப்பிய படத்தில் பாப்பா கையில் இருக்கும் மஞ்சள் பால் என்ன என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டார்கள். அதன் பெயர் எக்நாக். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பால், க்ரீம், சர்க்கரை, முட்டை எல்லாம் சேர்த்து அடித்து, மேலே ஜாதிக்காய் துருவிப் போட்ட பானம் அது. பெரியவர்கள் குடிப்பதில் ரம்மோ பிராந்தியோ சேரும். நன்றாகக் குளிரவைத்துத்தான் குடிப்பார்கள். வெளியே தண்ணீர் கல்லாக உறைந்து கிடக்கிறது, சாயங்காலம் நாலரை மணிக்குள் சூரியன் போய்விடுகிறது, அந்த நேரத்தில் இவர்கள் ஐஸ் போல இருக்கும் பாலைச் சின்னக் கோப்பையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இப்போது டிசம்பர் வந்தால் நானே அந்த ருசியைத் தேடுகிறேன்.

கடையில் நவம்பர் மாதத்திலேயே பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இது வந்து உட்கார்ந்துவிடும். ஜனவரி பிறந்து சில நாளில் தேடினாலும் கிடைக்காது. எக்நாக் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு 6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மஞ்சள் கருவின் திடப்பொருள் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அதாவது கொழுப்பில் நம் ஊர் எருமைப்பாலுக்குச் சமம். ஆனால் கடைச் சரக்கு எனக்கு ஒத்துவரவில்லை, அக்கா. சர்க்கரை அதிகம். கெட்டியாக இருக்கப் பசை மாதிரி ஏதோ சேர்க்கிறார்கள், அது நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பாதிக்குப் பாதி பால் கலந்தால்தான் என்னால் குடிக்க முடியும். இவர் அதைக் காபியில் ஊற்றிக் குடிக்கிறார். நல்ல டிகாக்‌ஷனுக்கு அது அநியாயம் என்பது என் கட்சி.

உண்மையான எக்நாக் என்றால் எனக்குக் கீழ்வீட்டில் செய்வதுதான். இந்த ஊரில் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று கட்டிய பழைய மரவீடுகள் ஏராளம். எங்களுக்கு மாடி, வீட்டுக்காரர்களுக்குக் கீழ்வீடு. அந்த அம்மா இதே ஊரில் பிறந்தவர், தாத்தா பாட்டி ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். அவர் கணவர் தெற்கே கென்டக்கிக்காரர். இந்த இரண்டு பேருக்கும் எக்நாக் விஷயத்தில் ஐம்பது வருஷக் கருத்து வேற்றுமை.

அந்த அம்மாவின் முறை பச்சை முட்டை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் என்னையும் பாப்பாவையும் கீழே கூப்பிட்டுவிடுவார். ஒரு டஜன் முட்டை. ஒவ்வொன்றாக உடைத்து உள்ளங்கையில் விடுவார். வெள்ளைக் கரு விரல் சந்து வழியே கிண்ணத்துக்குள் இறங்கிவிடும், மஞ்சள் கரு மட்டும் கையில் முழுதாக நிற்கும். எண்பது வயதுக்கு அருகில் இருக்கிற அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்காது. மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு அடிக்க அடிக்க, ஆரஞ்சாக இருந்தது வெளுத்து வெண்ணெய் நிறத்துக்கு வரும். துடுப்பைத் தூக்கினால் நாடா மாதிரி மடிந்து மடிந்து விழ வேண்டும், அதுதான் பதம். அப்புறம் பாலும் க்ரீமும். வெள்ளைக் கருவைத் தனியாக நுரை எழும்ப அடித்து, மரக்கரண்டியால் மெதுவாக அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேர்ப்பார். நுரை உடையக் கூடாது என்று அந்த நேரத்தில் யாரையும் பேசவிட மாட்டார். பாப்பாவும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

கென்டக்கித் தாத்தாவுக்கு இந்த நுரையே பிடிக்காது. அவர் அம்மா செய்தது காய்ச்சினது. பாலும் மஞ்சள் கருவும் சர்க்கரையும் மட்டும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து, அதில் விட்டு, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிய போர்வையாகப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். தெற்கத்திய ஊர்களில் இதை பாயில்டு கஸ்டர்டு என்று கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு கொடுப்பார்களாம். பெரியவர்கள் மேலே கொஞ்சம் போர்பன் விஸ்கி ஊற்றிக்கொள்வார்கள். அவர் அதைத் தன் கையாலேயே தனிக் குடத்தில் செய்து வைப்பார். வருகிற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இரண்டையும் குடித்தாக வேண்டும். இந்த அம்மாவின் கோப்பையைக் காலி செய்தவர்களை அவர் பார்க்கிற பார்வையும், அவர் குடத்திலிருந்து ஊற்றிக்கொண்டவர்களை இந்த அம்மா பார்க்கிற பார்வையும் இருக்கிறதே! ஆனால் ஒருவர் செய்ததை மற்றவர் ஒரு வாயாவது குடிக்காமல் அந்த இரவு முடிந்ததில்லை.

நான் காய்ச்சின கட்சி. ருசிக்காகவும்தான், என் வேலைக்காகவும்தான். நாளெல்லாம் ஆய்வகத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி வளர்கிறதா என்று தட்டுத் தட்டாகப் பார்க்கிறவள் நான். ஓட்டைக் கழுவிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கோழிக்குள் இருக்கும்போதே முட்டைக்குள் அந்தக் கிருமி போய்விடுவது உண்டு. முட்டை கலந்த பாலை 71 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும் என்றுதான் இங்கே சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். பச்சையாகவே வேண்டும் என்கிறவர்களுக்கு, ஓட்டோடு வெந்நீரில் பதமாகச் சூடுபடுத்திக் கிருமி நீக்கிய முட்டை கடையில் கிடைக்கிறது. பாப்பா பிறந்த பிறகு நான் கேட்டுக்கொண்டதற்காக அந்த அம்மா அந்த முட்டைக்கு மாறிவிட்டார். அதில் வெள்ளைக் கரு நுரைக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. அவர் முணுமுணுக்காமல் அடிக்கிறார். இதை நான் மறக்கவே மாட்டேன், அக்கா.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் லான்ஸ்ஃபீல்ட் வகைப்பாடு என்று ராத்திரியெல்லாம் உருப்போட்டது உனக்கு நினைவிருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஏ, பி, சி என்று இனம் பிரித்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் அம்மையார்தான் அது. நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் அவருடைய எக்நாக் பிரசித்தமாம்! நவம்பர் கடைசியில் வருகிற நன்றித் திருநாள் சமயத்தில் மது நிறைய ஊற்றிச் செய்து, வாரக்கணக்கில் குளிர்ப்பெட்டியில் ஊறவைத்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுப்பாராம். அவர் 1981-இல் காலமான பிறகும் அந்த ஆய்வகத்தார் வழக்கத்தை விடவில்லை. பிற்பாடு அதில் வேண்டுமென்றே சால்மொனெல்லாவைக் கலந்து வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் கிருமி உயிரோடு இருந்தது, மூன்று வாரம் ஆனதும் ஒன்றுகூட வளரவில்லை. அத்தனையும் மது செய்த வேலை. நம்மைப் போல மது சேர்க்காதவர்களுக்கு அடுப்புதான் வழி.

அம்மா கவலைப்பட வேண்டாம், நான் மதுவைத் தொடுவதில்லை. கீழ்வீட்டம்மா பிராந்தி ஊற்றுவதற்கு முன்பே எங்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுகிறார். முதல் வருஷம் நான் ஒரு தடவை சொன்னதுதான். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

பச்சை முட்டை என்றதும் உனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ பெரியவளானபோது ஆச்சி காலையில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் அளந்து குடிக்கவைத்தார்களே, நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாய். அதைக் கீழ்வீட்டம்மாவிடம் சொன்னேன். இடுப்புக்குப் பலம் வர என்றதும் அவருக்கு உடனே புரிந்தது. காய்ச்சலில் படுத்து எழுந்தால் அவர் பாட்டி பச்சை முட்டையைச் சூடான பாலில் அடித்துக் கொடுப்பார்களாம். அன்றிலிருந்து ஆச்சியைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்.

இனி ஜாதிக்காய்க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அந்த வீட்டில் டப்பாவில் அடைத்த பொடியைத்தான் தூவிக்கொண்டிருந்தார்கள். எத்தனை வருஷத்துப் பொடியோ, மரத்தூள் வாசனைதான் வந்தது. பாப்பாவுக்கு உரைமருந்து கொடுக்க அம்மா என் பெட்டியில் வைத்துவிட்ட ஜாதிக்காயில் மீதியை ஒரு வருஷம் கீழே எடுத்துப்போனேன். ஓட்டை உடைத்ததும் உள்ளே பருப்பு பழுப்பு வரிவரியாக இருந்தது. பூண்டு துருவுகிற சின்னத் துருவியில் நான்கு இழுப்பு இழுத்தேன். அந்த அடுக்களை முழுக்க வாசனை. தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். பேசாமல் கையை நீட்டி, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. இப்போது இரண்டு பாத்திரத்துக்கும் மேலே துருவுவது என் வேலை. பேரப்பிள்ளைகள் வந்ததும் முதலில் கேட்பது நம் ஊர் ஜாதிக்காய் வந்துவிட்டதா என்பதைத்தான். இந்த வருஷம் பாப்பா துருவினாள். படத்தில் அவள் மூக்கில் ஒட்டியிருப்பது அதுதான்.

என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி போர்ட்டோ ரிக்கோக்காரி. அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கொக்கீட்டோ. தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், பட்டை, ரம். சில வீட்டில் முட்டை உண்டு, இவள் வீட்டில் இல்லை, முட்டை போட்டால் அது கொக்கீட்டோவே இல்லை என்கிறாள். எனக்கென்று ரம் சேர்க்காமல் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். திறந்ததும் தேங்காய்ப்பால் பாயசம் மணம். ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அன்று மத்தியானம் வேலையில் மனம் நிலைக்கவில்லை, நம் வீட்டு அம்மிக்கும் திருவலகுக்கும் போய்விட்டது.

அத்தானுக்கும் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவருக்குப் பிடிக்கும். 1826-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மதுவுக்குத் தடை. தலைமை அதிகாரி சில்வேனஸ் தேயர் மகா கண்டிப்பானவர். பையன்கள் ஹட்சன் ஆற்றைத் தாண்டிப்போய் விஸ்கி கடத்திவந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எக்நாக் கலக்கினார்கள். விடிவதற்குள் ஜன்னல், மேசை, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் உடைந்தன, வாளைக்கூட உருவினார்களாம். இருபது பேர் அளவில் ராணுவ விசாரணைக்கு நின்றார்கள். பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்குத் தலைவராக இருந்த ஜெபர்சன் டேவிஸும் அன்று அங்கே மாணவர். அறைக்குப் போ என்று உத்தரவு வந்ததும் போய்ப் படுத்துவிட்டதால் தப்பித்தார்.

புத்தாண்டு இரவுக்குக் கீழ்வீட்டில் வேறு பானம், டாம் அண்ட் ஜெர்ரி. கார்ட்டூனுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது. விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். முட்டையும் சர்க்கரையும் அடித்த மாவு இங்கே கடையிலேயே டப்பாவில் கிடைக்கும். அதில் இரண்டு கரண்டியைக் கோப்பையில் போட்டு, கொதிக்கிற பாலை மேலேயிருந்து ஊற்றினால் நுரை பொங்கி விளிம்பு வரை வரும். அந்த அம்மாவின் தாயார் காலத்து வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணமும் அதே ஜோடிக் கோப்பைகளும் அதற்கென்றே அலமாரியில் இருக்கின்றன, வருஷத்தில் ஒரு நாள்தான் இறங்கும். சூடாக இருப்பதால் என் ஓட்டு இதற்குத்தான். இரவு ஆராதனை முடிந்து உறைந்துபோய் வருகிறவர்களுக்கு, கேரல் பாடி வருகிறவர்களுக்கு நம் வீட்டில் சுக்குக் காபி போடுவோமே, அந்த இடத்தில் இது.

பிள்ளைகளுக்கு நீயும் செய்துபார். ஒரு லிட்டர் பால், ஆறு மஞ்சள் கரு, முக்கால் டம்ளர் சர்க்கரை. கருவையும் சர்க்கரையையும் வெளுக்க அடி. பாலை ஆவி வரச் சூடாக்கி, முதலில் ஒரு கரண்டியை மட்டும் கருவில் ஊற்றிக் கலந்து பழக்கு. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கி மிகச் சின்னத் தீயில் கிண்டு. கொதி வரவிடாதே, வந்தால் திரிந்துவிடும். கரண்டியில் படிந்ததும் வடிகட்டி ஆறவை, ஒரு ராத்திரி பிரிட்ஜில் இருக்கட்டும். ஜாதிக்காய் குடிக்கிற நேரத்தில்தான். அம்மாவுக்குச் சுகர் இருப்பதால் கால் டம்ளருக்கு மேல் கொடுக்காதே, கெஞ்சினாலும்.

ஏப்ரலில் என் மாமியார் இங்கே வருகிறார்கள். அவர்கள் கையில் ஜாதிக்காய் கொடுத்துவிடு, ஓட்டோடு, பத்தாவது வேண்டும், பாதி கீழ்வீட்டுக்கு. மாமா தோட்டத்துக் காயாக இருந்தால் நல்லது, கடைக்காய் வேண்டாம். முந்திரிக்கொத்து முறியாமல் வருமானால் அதுவும் ஒரு டப்பா.

அன்புடன்,
உன் தங்கை