குப்பியும் கொம்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்டைய இஸ்ரவேல் அரசர்கள் பற்றிய தங்கள் கட்டுரையில், படைத்தலைவன் யெகூவைத் தீர்க்கதரிசி (இறைவாக்கு உரைப்பவர்) எலிசாவே தைலம் ஊற்றி அரசனாக அபிஷேகம் செய்ததாக வந்துள்ளது. பைபிளின் 2 இராஜாக்கள் 9-ஆம் அதிகாரத்தின்படி அதைச் செய்தது எலிசா அனுப்பிய இளைஞன். தைலத்தை ஊற்றியதும் கதவைத் திறந்து ஓடிப்போகும்படி அவனுக்குக் கட்டளை. இருக்கும் அரசனுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்பு என்றால் சும்மாவா!

தைலம் இருந்த கலமும் கவனிக்கத்தக்கது. முதல் அரசன் சவுலுக்கும் யெகூவுக்கும் குப்பி. தாவீதுக்கும் சாலொமோனுக்கும் கொம்பு. சாலொமோனுக்கு ஊற்றியவர் ஆசாரியன் (மதகுரு) சாதோக்கு.

தீர்க்கதரிசிகளை வெறும் அரசவை ஆலோசகர்களாகக் காட்டியதுதான் பெரிய குறை. அரசன் வருமுன்பே 1 சாமுவேல் 8-இல், தீர்க்கதரிசி சாமுவேலின் எச்சரிக்கையாக, அரசன் எடுத்துக்கொள்ளப்போகும் வரிப்பட்டியல் வந்துவிடுகிறது: குமாரர் ரதங்களுக்கு, குமாரத்திகள் சமையலுக்கு, தானியத்திலும் திராட்சைப்பலனிலும் ஆடுகளிலும் பத்தில் ஒன்று. மக்கள் அதற்குச் செவிகொடுக்கவில்லை என்பது வேறு. பின்னர் தீர்க்கதரிசி அகியா தன் புதுச் சால்வையை 12 துண்டாகக் கிழித்து, 10 கோத்திரங்களின் ஆட்சி இனி அவனுக்கே என்பதன் அடையாளமாக 10 துண்டுகளைச் சாலொமோனின் அதிகாரி யெரொபெயாமிடம் கொடுக்கிறார். அப்போது சாலொமோன் இன்னும் அரியணையில் இருக்கிறார். இவர்களா ஆலோசகர்கள்?

காணாமற்போன கழுதைகளை விசாரிக்க, கால் சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளியோடு சவுலும் வேலைக்காரனும் தேடிப்போன ‘ஞானதிருஷ்டிக்காரன்’தான் பிற்காலத்தில் தீர்க்கதரிசி எனப்பட்டான். 1 சாமுவேல் 9:9 இதை வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டுரை அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்