மலை எலிகளில் புதிய வைரஸ்: பயமுறுத்தாமல் தொடர்ந்து ஆராய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டு எலிகளின் உடலில் இதுவரை அறியப்படாத வைரஸ்கள் கண்டறியப்பட்டதாக அவ்வப்போது வெளிவரும் செய்திகளை, கோத்தகிரி அருகே உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடும் விவசாயி என்ற முறையில் நான் விடாமல் படித்து வருகிறேன். 'புதிய வைரஸ்' என்று அச்சாகும் செய்தி, எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் 'புதிய நோய்' ஆகிவிடுகிறது. ஆய்வாளர்கள் எலியின் இரத்தம், புழுக்கை, நுரையீரல் திசு ஆகியவற்றிலிருந்து மரபணு வரிசைகளைப் படித்து, முன்பே பதிவானவற்றுடன் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாததைப் புதியது என்கிறார்கள். அது மனித உடலுக்குள் நுழையுமா, நுழைந்தால் நோய் தருமா என்பது தனிக் கேள்வி. அதற்கான விடை அந்த வரிசையை மட்டும் பார்த்துக் கிடைத்துவிடாது. நமக்குத் தெரியாமலே அந்த வைரஸ் அந்த எலிகளோடு நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கக்கூடும்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு வேலூரில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸுக்கு, அங்குள்ள தோட்டப்பாளையத்தின் பெயரே சூட்டப்பட்டது. (பிள்ளையாரின் வாகனம் என்று நாம் கும்பிடும் மூஞ்சூறு பார்வைக்கு எலி போலிருந்தாலும் எலியினம் அல்ல, பூச்சியுண்ணி.) அது, எலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்கள் சுமக்கும் ஹன்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 1980-களில்தான் தெளிவாயிற்று. கொரியப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்கள் இரத்தக்கசிவுக் காய்ச்சலில் விழுந்தபோது அதன் காரணம் எவருக்கும் தெரியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1976-இல், கொரிய அறிஞர் லீ ஹோ வாங் அதன் வைரஸை வயல் எலியின் நுரையீரலில் கண்டார். அந்தக் குடும்பத்துக்கே பெயர் தந்த அந்த வைரஸுக்கு முன்பே, அதன் உறவுக்கார வைரஸ் ஒன்று ஆய்வகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, மாதிரிகளைச் சேமித்து வைப்பதன் அருமை எனக்குப் புரிகிறது.

எங்கள் மலைக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. 2012-13-இல், உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் நோயான குரங்குக் காய்ச்சல் (கியாசனூர் காட்டு நோய்) பந்திப்பூர்ப் பக்கம் தலைகாட்டியபோது, நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்குகளிலும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. அதைச் சுமக்கும் உண்ணிகள் தம் இளம் பருவத்தில் எலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்களின் இரத்தத்தைக் குடித்தே வளர்கின்றன. சோலைக்காடும் தேயிலைத் தோட்டமும் காய்கறிப் பாத்தியும் ஒரே சரிவில் அடுத்தடுத்துக் கிடக்கும் இங்கே, காட்டு எலிக்கும் வீட்டு எலிக்கும் இடையே வேலி ஏதுமில்லை.

எங்கள் விதைக்கிழங்குக் கிடங்கை ஆண்டுதோறும் திறக்கும்போது மூலையில் கொறித்த சாக்கு நூலும், கருஞ்சீரகம் சிந்தியது போன்ற புழுக்கைகளும், நெடியடிக்கும் மூத்திரக் கறையும் இருக்கும். என் தாயார் காலம்தொட்டு அதைக் காய்ந்த துடைப்பத்தால்தான் கூட்டி வந்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி புகைபோல எழுந்து நிற்க, அதனிடையே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்போம். ஹன்டா வைரஸ் முக்கியமாக இப்படிப்பட்ட தூசியைச் சுவாசிப்பதால்தான் மனிதருக்குத் தொற்றுகிறது என்பதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் படித்தறிந்தேன். இப்போது கதவையும் ஜன்னலையும் அரைமணி நேரம் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறோம். எந்த வைரஸுக்கும் பெயர் தெரிவதற்கு முன்பே செய்யக்கூடிய இந்த எளிய காரியத்தை எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

மாறாக, செய்தியைப் படித்துப் பதறியவர்கள் விஷம் வைக்கிறார்கள். சென்ற ஆண்டு என் வேலியோரம் ஓர் ஆந்தை செத்துக் கிடந்தது. அது விஷம் தின்ற எலியைத் தின்றதால்தானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எலிகளைக் கொன்று காலியாக்கிய வளைகளில் சில வாரங்களிலேயே வேறு எலிகள் குடியேறியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தியை வெளியிடும்போது, எந்த விலங்கில், எந்த இடத்தில் கண்டறியப்பட்டது, மனிதரின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள்) தேடப்பட்டதா என்ற மூன்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள். அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1907 முதல் குன்னூரில் பாஸ்டியர் ஆய்வு நிலையம் இருக்கிறது. உதகையில் இன்று மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஒருமுறை வந்து பொறி வைத்துவிட்டுப் போவதோடு நில்லாமல், அதே இடங்களில் மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் மாதிரி எடுத்து, காரணம் புலப்படாத காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருபவர்களின் இரத்தத்தையும் உடன் சோதிக்க இவ்விரண்டும் கைகோக்க வேண்டும். எலியை மட்டும் ஆராய்ந்தால் பட்டியல்தான் நீளும். மனிதரையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் ஆபத்து எங்கே என்று தெரியும்.

பொறி வைக்க வருபவர்களுக்கு என் கிடங்கையும் தோட்டத்து ஓரத்தையும் திறந்துவிட நான் தயாராக இருக்கிறேன். முடிவு எதுவானாலும், ஒன்றுமில்லை என்றே வந்தாலும், அதை எங்கள் ஊருக்கும் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் நேரில் வந்து தமிழில் சொல்ல வேண்டும் என்பதே நான் அவர்களிடம் கேட்பது.

இப்படிக்கு,
ஒரு மலைக் காய்கறி விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.